ட்ரீம் தியேட்டரின் ஆல்பங்களை எதைக் கொண்டு அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்கலான தாளங்களும் நீண்ட பாடல்களும் கொண்ட கனமான ராக் இசையான புரோகிரசிவ் மெட்டலை வாசிக்கும் அமெரிக்க இசைக்குழு ட்ரீம் தியேட்டர் 1989 முதல் 2025 வரை வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தி, தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த வகை இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. அதற்கு முதலில் என் நன்றி. ஆயினும் அந்தக் கட்டுரையோடு வெளியான அட்டவணையை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடம் கருதிச் சுருக்க நேர்ந்தாலும், இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ், ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி ஆகிய இரண்டு ஆல்பங்களைப் பற்றிய பகுதிகளையாவது விட்டுவிடாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசிப்பின் வேகம், தாளக்கணக்கின் சிக்கல், பாடல்களின் நீளம், கருவிகளைக் கையாளும் திறன் என்று நான்கு தலைப்புகளில் ஒவ்வோர் ஆல்பத்துக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டிப் பார்த்து, அதிகம் வாங்கியதை மேலேயும் குறைவாக வாங்கியதைக் கீழேயும் கட்டுரையாளர் அடுக்கியிருக்கிறார். அந்தக் கணக்கின்படி 2003-இல் வந்த டிரெய்ன் ஆஃப் தாட் முதலிடத்துக்கும் 1997-இல் வந்த ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி கடைசி இடத்துக்கும் போயிருக்கின்றன. கூட்டலில் பிழை இல்லை. எதைக் கூட்டினார் என்பதில்தான் என் கருத்து வேறுபாடு இருக்கிறது.

கிட்டார் வாசிக்கும் ஜான் பெட்ரூச்சி, பேஸ் வாசிக்கும் ஜான் மியுங், டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாய் ஆகிய மூவரும் 1985-இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் மாணவர்களாக இருந்தபோது ஒன்றுசேர்ந்து, மெஜஸ்டி என்ற பெயரில் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். நாள்தோறும் மணிக்கணக்கில் சாதகம் செய்து வளர்ந்தவர்கள் அவர்கள். பின்னால் கீபோர்டு வாசிக்க வந்து சேர்ந்த ஜோர்டன் ரூடஸ் சிறு வயதிலேயே ஜூலியார்டு இசைப் பள்ளியில் பியானோ பயின்றவர். 2010-இல் டிரம்ஸுக்கு வந்த மைக் மான்ஜினி பெர்க்லியிலேயே ஆசிரியராக இருந்தவர். கைத்திறன் இந்தக் குழுவில் எந்த ஆண்டிலும் குறைந்ததில்லை, எந்த ஆல்பத்திலும் அதற்குப் பஞ்சம் வந்ததில்லை. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றை எப்படி வேறுபடுத்துவது? ஆல்பத்துக்கு ஆல்பம் மாறுபடுவது வேறு: தொடக்கத்தில் விதைத்த மெட்டு பின்னால் முளைத்து வருகிறதா, பத்து நிமிடம் நீளும் பாடலுக்கு அந்தப் பத்து நிமிடமும் தேவைப்படுகிறதா, பாடகரின் குரல் அந்த ஆண்டில் எந்த நிலையில் இருந்தது, பதிவின் ஒலி கருவிகளை உள்ளபடி காட்டுகிறதா, மறைக்கிறதா என்பவையே அவை. அட்டவணையில் இவற்றுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

சொல்வதைக் காட்டிவிடுகிறேன். 1992-இல் வந்த இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் ஆல்பத்தில் கடைசிக்கு முந்தைய பாடல் வெயிட் ஃபார் ஸ்லீப். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்போது குழுவில் கீபோர்டு வாசித்த கெவின் மூரின் பியானோவும் கீபோர்டும், பாடகர் ஜேம்ஸ் லாப்ரியின் குரலும் தவிர அதில் வேறு எதுவும் பெரிதாகக் கேட்பதில்லை. பியானோவில் வரும் அந்தச் சிறு மெட்டு ஒற்றைப்படைத் தாளத்தில் நடப்பதே முதலில் காதுக்குத் தெரியாது. யாரோ மாடிப்படியில் மெதுவாக, ஒரு படிக்கு மட்டும் சற்றே தயங்கி இறங்குவதைப் போலத்தான் இருக்கும். அடுத்து வரும் லேர்னிங் டு லிவ் பதினொரு நிமிடத்துக்கு மேற்பட்ட பாடல். அதன் நடுவே கருவிகள் எல்லாம் ஒன்றையொன்று துரத்தி, லாப்ரியின் குரல் உச்சத்தைத் தொட்டு இறங்கிய பிறகு, அதே பியானோ மெட்டு திரும்ப வருகிறது. முந்தைய பாடலில் தனியே கிடந்தது, இங்கே குழு முழுவதும் சூழ்ந்து நிற்க ஒலிக்கிறது. இரண்டு பாடல்களும் ஒரே பாடலாக இருந்திருக்கின்றன என்பது அந்த நொடியில்தான் கேட்பவருக்குப் புரிகிறது. அட்டவணைப்படி வெயிட் ஃபார் ஸ்லீப்புக்கு வேகத்தில் மதிப்பெண் இல்லை, நீளத்திலும் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் லேர்னிங் டு லிவ் பாதி ஊமையாகிவிடும்.

இந்த ஆல்பம் எனக்கு முதலில் கிடைத்தது, நண்பர் ஒருவர் ஒலிநாடாவில் பதிந்து கொடுத்த பிரதியாகத்தான். முதல் பாடலான புல் மீ அண்டர் எட்டு நிமிடம் ஓடி, பாடிக்கொண்டிருக்கும்போதே கத்தரித்ததுபோல் சட்டென்று நின்றுவிடும். நாடாவில் ஏதோ கோளாறு என்று நினைத்து, பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்து, மறுபடி ஓடவிட்டு, நண்பரிடம் போய்க் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. பாடலே அப்படித்தான் முடிகிறது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. சாவின் பிடியில் இழுபடும் ஒருவனின் பேச்சு அது. அந்தப் பேச்சு முடிந்தா நிற்கும், அறுந்துதானே நிற்கும் என்பது பல மாதங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இந்தக் குழுவை முதன்முதலில் தொலைக்காட்சி வழியாகப் பெருந்திரளானவர்களிடம் கொண்டு சேர்த்த பாடல் இதுவே. ஒரு பாடலின் முடிவைப் புரிந்துகொள்ளவே எனக்கு அத்தனை காலம் பிடித்திருக்கும்போது, பதினாறு ஆல்பங்களுக்கு ஒரே மூச்சில் மதிப்பெண் போடுவது எனக்கு அச்சமாக இருக்கிறது.

அதே ஆல்பத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும், நேசிப்பதனாலேயே சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் டேவிட் பிரேட்டர், போர்ட்னாய் அடித்த டிரம்ஸ் ஒலியோடு முன்பே பதிந்து வைத்த மாதிரி ஒலிகளைச் சேர்த்துவிட்டார். ஸ்னேர் டிரம் ஒவ்வோர் அடிக்கும் ஒரே மாதிரி 'டப்' என்று விழுகிறது. மென்மையாகத் தட்டியதற்கும் ஓங்கி அடித்ததற்கும் வேறுபாடு தெரிவதில்லை. போர்ட்னாயே இதில் மனக்குறை தெரிவித்திருக்கிறார். இதே பாடல்களை மேடைப் பதிவுகளில் கேட்டால் டிரம்ஸ் மூச்சு விடுவது தெரியும். ஆல்பத்தை மதிப்பிடும்போது பாடல் வேறு, பதிவு வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. கட்டுரையாளரோ இதன் ஒலியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

1994-இன் அவேக் ஆல்பத்தை அவர் நடுவில் வைத்திருக்கிறார். நான் இன்னும் மேலே வைப்பேன், ஆனால் அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன். ஏழு தந்தி கிட்டாரின் அடர்த்தியும், பதிவு முடியும் தறுவாயில் குழுவை விட்டு விலகிய மூரின் பிரிவும் அந்த ஆல்பம் முழுவதும் மேகம்போல் கவிந்திருக்கின்றன. மூர் தனியே எழுதிக்கொண்டு வந்த ஸ்பேஸ்-டை வெஸ்ட் என்ற கடைசிப் பாடலைக் குழு நெடுங்காலம் மேடையில் வாசிக்காமலே வைத்திருந்தது என்பது ஒன்றே அதன் எடையைச் சொல்லும்.

இனி கடைசி இடத்துக்கு வருகிறேன். ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி பலவீனமான ஆல்பம் என்பது புதிய கருத்து இல்லை. பல ரசிகர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எந்தக் காரணத்தால் பலவீனம் என்பதில்தான் விமர்சனம் இருக்கிறது. "பாடல்கள் குட்டையாகவும் எளிமையாகவும் உள்ளன" என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அந்த ஆல்பத்தில் லைன்ஸ் இன் தி சேண்ட் 12 நிமிடம், டிரையல் ஆஃப் டியர்ஸ் 13 நிமிடம். குட்டை என்று சொல்லவே முடியாது. நடந்தது வேறு. குழு இரட்டை ஆல்பம் ஒன்றுக்குப் போதுமான பாடல்களை எழுதி வைத்திருந்தது. வானொலியில் ஒலிக்கத்தக்க பாடல்களைப் பதிவு நிறுவனம் கேட்டது. இருபது நிமிடத்துக்கும் மேல் நீண்ட ஒரு படைப்பு உட்படப் பல ஒதுக்கப்பட்டன. ஒரு பாடலைத் திருத்தி எழுத டெஸ்மண்ட் சைல்டு என்ற புகழ்பெற்ற பாடலாசிரியர் அழைத்து வரப்பட்டார். அப்படித் திருத்தப்பட்ட யூ நாட் மீ என்ற பாடலைக் கேட்கும்போது, அளவெடுக்காமல் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்ப்பதுபோல எனக்கு மனம் சங்கடப்படும். அதிலிருந்து ஒரு பாடல் தள்ளியே, வற்புறுத்தலின் சாயலே தெரியாமல் எளிமையாக அமைந்த ஹாலோ இயர்ஸ் இருக்கிறது. மெல்லிய கிட்டார், நேரான தாளம், கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி. இரண்டுமே எளியவைதான். ஒன்று திணிக்கப்பட்ட எளிமை, மற்றொன்று பாடலுக்குள்ளிருந்து வந்த எளிமை. இந்த வேறுபாட்டைக் கேட்டுச் சொல்ல ஒரு மனிதக் காது வேண்டும். கூட்டல் கணக்கு அதைச் சொல்லாது.

பாடகர் பற்றியும் ஒரு செய்தியை மறக்கக் கூடாது. 1994 டிசம்பரில் கியூபாவில் விடுமுறையில் இருந்தபோது லாப்ரிக்கு உணவு நஞ்சாகி, கடுமையாக வாந்தி எடுத்ததில் குரல்வளை பாதிக்கப்பட்டது. பழைய வலிமை திரும்பப் பல ஆண்டுகள் ஆனதாக அவரே கூறியிருக்கிறார். 1997 ஆல்பத்தில் அவர் குரலை அடக்கி, தாழ்ந்த ஸ்தாயியில் அதிகம் பாடுவதைக் குறையாகக் கட்டுரை குறித்திருக்கிறது. காயம்பட்ட குரலோடு எந்த இடத்தில் எப்படிப் பாட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்த ஒருவரின் பதிவாக அதைக் கேட்டால், டிரையல் ஆஃப் டியர்ஸின் முதல் பகுதியில் அவர் காட்டும் நிதானம் வேறு விதமாகத் தெரியும்.

அன்று ஒதுக்கப்பட்ட அந்த நீண்ட படைப்பிலிருந்துதான் 1999-இன் சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி பிறந்தது என்பதைக் கட்டுரை கூறியிருந்தால், தோல்வி என்று தள்ளிய ஆல்பத்துக்கும் பலரும் தலைசிறந்தது என்று போற்றும் ஆல்பத்துக்கும் உள்ள உறவு வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். நிக்கோலஸ் என்ற இளைஞன் ஹிப்னாடிச மயக்கத்தில், 1928-இல் கொலையுண்ட விக்டோரியா என்ற பெண்ணின் வாழ்வைக் காண்கிறான். அந்தக் கதையை 77 நிமிடங்களில் இரண்டு அங்கங்களாகச் சொல்லும் ஆல்பம் அது. இதில் தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்ற குரலற்ற படைப்பு ஆறு நிமிடம் சொச்சத்துக்குள் நூறு முறைக்கு மேல் தாளக்கணக்கை மாற்றுகிறது. தாளச் சிக்கலில் கட்டுரையாளர் இதற்குத்தான் பத்துக்குப் பத்து வழங்கியிருக்கிறார். நானும் வழங்குவேன், வேறு காரணத்துக்காக. அதற்கு முந்தைய பாடலில் ஓர் உறவு முறிகிறது, துரோகம் நுழைகிறது. அடுத்து வருவது ஒரு மனிதனின் நிலைகுலைவு. தாளம் காலடியிலிருந்து நழுவிக்கொண்டே இருப்பது அங்கே கதையின் தேவை. நடுவே திடீரென்று 1920-களின் கேளிக்கை விடுதியில் கேட்பது போன்ற ராக்டைம் பியானோ சில நொடிகள் குதித்துவிட்டுப் போகிறது. கதை நடக்கும் காலத்தை ரூடஸ் அந்தச் சில நொடிகளில் நினைவூட்டிவிடுகிறார். இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் ஆல்பத்தின் மெட்ரோபோலிஸ் பாடலில் ஏழு ஆண்டுகளுக்கு முன் வந்த இசைத்துணுக்குகளும் இங்கே ஊடாடுகின்றன. இதே நூறு மாற்றங்களை வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது வெறும் பயிற்சிப் பாடமாகிவிடும்.

டிரெய்ன் ஆஃப் தாட் ஆல்பத்தை முதலிடத்தில் ஏற்க முடியாததும் இதனால்தான். ஏழே பாடல்கள், 69 நிமிடம். குழுவின் ஆல்பங்களிலேயே மிக இருண்டதும் கனமானதுமான ஒன்று. திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளான ரிஃப்புகள் இரும்பைப் போல இறங்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் பல பாடல்களில் கிட்டாரும் கீபோர்டும் மாறி மாறிப் பாயும் தனி வாசிப்புகள் தொடங்கிய சிறிது நேரத்தில், நான் எந்தப் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. ஒன்றின் தனி வாசிப்பை எடுத்து மற்றொன்றில் ஒட்டினாலும் பெரும்பாலான கேட்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது என்று துணிந்து சொல்வேன். அந்த ஆல்பத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது, மூன்று நிமிடத்துக்கும் குறைவான வேகண்ட் என்ற பாடல். பியானோ, செல்லோ, தழுதழுக்கும் குரல், அவ்வளவே. அத்தனை இரைச்சலுக்கு நடுவே அது ஒரு சன்னலைத் திறந்து விடுகிறது. அட்டவணையில் அதற்குக் கிடைத்தது அந்த ஆல்பத்தின் மிகக் குறைந்த மதிப்பெண்.

அதற்கு முந்தைய சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ் 2002-இல் வந்த இரட்டை ஆல்பம். இரண்டாம் வட்டு முழுவதும் 42 நிமிடம் ஓடும் ஒரே படைப்பு. மனநோயோடு போராடும் ஆறு பேரின் நிலைகளை எட்டுப் பகுதிகளில் பாடுகிறது. தொடக்க இசையில் ரூடஸ் கீபோர்டிலேயே ஒரு முழு இசைக்குழுவை எழுப்பி, பின்னால் வரப்போகும் மெட்டுகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு மனிதரும் மேடைக்கு வரும்போது ஏற்கெனவே பார்த்த முகமாக இருக்கிறது. நீளம் என்ற தலைப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அந்த நீளம் எதனால் அலுக்கவில்லை என்பதைக் கட்டுரை கேட்கவே இல்லை.

அடுத்தடுத்த ஆல்பங்கள் கைகோத்துக்கொண்டு நிற்பதையும் கட்டுரை கவனிக்கவில்லை. சீன்ஸ் ஃப்ரம் எ மெமரியின் இறுதியில் எழும் இரைச்சலில்தான் 2002 ஆல்பம் தொடங்குகிறது. அதன் இறுதி நாதம் டிரெய்ன் ஆஃப் தாட் ஆல்பத்தின் வாசலில் ஒலிக்கிறது. அது முடியும் பியானோ ஸ்வரத்தில் 2005-இன் ஆக்டவேரியம் கண் விழிக்கிறது. ஆக்டவேரியத்திலோ தொடங்கிய இடத்துக்கே முடிவு திரும்பி வந்துவிடுகிறது. அது குழுவின் எட்டாவது ஆல்பம். அதில் எட்டுப் பாடல்கள். ஒவ்வொன்றும் முந்தையதற்கு மேல் ஒரு படி சுருதி ஏறி, எட்டாவது பாடல் முதல் பாடலின் சுருதியையே வந்து தொடுகிறது. ஒரு ஸ்தாயியையே ஆல்பத்தின் கட்டடமாக்கியிருக்கிறார்கள். எண் விளையாட்டு என்று இதைச் சிலர் ஒதுக்கலாம். 24 நிமிடம் ஓடும் தலைப்புப் பாடலின் தொடக்கத்தைக் கேட்டுவிட்டு அவர்கள் முடிவு செய்யட்டும். கன்டினுவம் என்ற கருவியின் தட்டையான பரப்பில் விரலை வழுக்கவிட்டு, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே உள்ள வெளியை எல்லாம் ரூடஸ் தொட்டுத் தடவிக்கொண்டு போகிறார். ஏறத்தாழ நான்கு நிமிடம் அவசரமே இல்லை. வேகத்துக்குப் பெயர் போன ஐவர் அத்தனை நேரம் பொறுமை காக்கிறார்கள் என்பதாலேயே, முடிவில் உண்மையான வாத்தியக் குழுவோடு அந்த மெட்டு பேரெழுச்சியாக வரும்போது உடல் சிலிர்க்கிறது. வேகம் என்ற கட்டத்தில் இந்தப் பாடலுக்கு நான்கு மதிப்பெண்தான் என்பதைப் படித்தபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பாடலை மறுபடி முழுவதும் கேட்டேன்.

ஆல்பங்களைத் தனித்தனியே எடைபோடுவதில் உள்ள மற்றொரு சிக்கலுக்கு போர்ட்னாயின் குடிமீட்சிப் பாடல்கள் சான்று. குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான பன்னிரண்டு படிகளை அவர் ஐந்து பாடல்களாகப் பிரித்து, 2002 முதல் 2009 வரை ஐந்து ஆல்பங்களில் ஆல்பத்துக்கு ஒன்றாக வைத்தார். தி கிளாஸ் பிரிசன் தொடங்கி தி ஷேட்டர்டு ஃபோர்ட்ரஸ் வரை, முந்தைய பாடல்களின் ரிஃப்புகளும் வரிகளும் பிந்தைய பாடல்களில் திரும்பத் திரும்ப எழுகின்றன. மீள நினைப்பவனைப் பழைய நினைவுகள் விடாமல் பின்தொடர்வது போன்ற அமைப்பு இது. கடைசிப் பாடலைத் தனியே எடுத்து, "பழைய ரிஃப்புகளையே ஒட்டுப் போட்டது" என்று கட்டுரை குறை சொல்கிறது. ஐந்தையும் ஒரே அமர்வில் வரிசையாகக் கேட்கும் யாரும் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவார்கள்.

2007-இன் சிஸ்டமாடிக் கேயாஸ் பற்றிக் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிறேன். ஒரே பாடலை இரண்டாக வெட்டி ஆல்பத்தின் முதலிலும் கடைசியிலும் வைத்தது இரண்டு துண்டுகளுக்கும் கேடாக முடிந்தது. மேடையில் சேர்த்து வாசித்தபோதுதான் அதன் உருவம் தெரிந்தது. 2009-இன் பிளாக் கிளவுட்ஸ் அண்ட் சில்வர் லைனிங்ஸ் ஆல்பத்தில் தி பெஸ்ட் ஆஃப் டைம்ஸ் மிகையான உணர்ச்சி என்கிறார். அங்கே ஒத்துப்போக முடியவில்லை. புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த தன் தந்தைக்காக போர்ட்னாய் எழுதிய பாடல் அது. அதன் இறுதியில் பெட்ரூச்சியின் கிட்டார் நிமிடக்கணக்கில் பாடுகிறது. ஒரு ஸ்வரத்தை எடுத்து, இழுத்து, விடமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல விடுகிறது. டிரெய்ன் ஆஃப் தாட்டில் என்னைக் களைப்படையச் செய்த அதே கைதான் இதையும் வாசித்தது. இங்கே எத்தனை ஸ்வரம் என்று எண்ண எனக்குத் தோன்றவே இல்லை.

2010-இல் போர்ட்னாய் விலக, மான்ஜினி வந்தார். அவருடைய முதல் ஆல்பமான எ டிரமாடிக் டர்ன் ஆஃப் ஈவன்ட்ஸ் தயாரானபோது டிரம்ஸ் பகுதிகளை பெட்ரூச்சி கணினியில் அமைத்துக் கொடுத்துவிட்டார் என்பதைக் கருத்தில் கொள்ளாமல் மான்ஜினிக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. 2016-இன் தி அஸ்டானிஷிங் வேறு வகைச் சிக்கல். 34 தடங்கள், 130 நிமிடம், மனிதர் படைக்கும் இசை மறைந்துபோன எதிர்கால உலகக் கதை, எல்லாக் கதைமாந்தருக்கும் ஒரே பாடகரின் குரல். பலர் இதைக் கடைசியில் வைப்பார்கள். நானும் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டது மூன்று முறைதான். இதன் குறை நீளம் என்று சொல்லிவிடுவது எளிது. 42 நிமிடப் படைப்பில் ஆறு மனிதர்களை வேறுபடுத்திக் காட்டிய குழு, இங்கே நல்லவனுக்கும் தீயவனுக்கும் ஒரே சாயல் மெட்டுகளைக் கொடுத்துவிட்டது என்பதே என் குறை. யார் பாடுகிறார் என்று தெரிய வரிகள் அச்சிட்ட தாளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு அனைவரும் ஒரே வீட்டில் தங்கி எழுதிய டிஸ்டன்ஸ் ஓவர் டைம் 2019-இல் வந்தது; சுருக்கமான, இறுக்கமான, மகிழ்ச்சியான ஆல்பம். 2021 ஆல்பத்தின் தி ஏலியன் பாடல் 2022-இல் குழுவுக்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. அந்த விருதுக்காகவே ஆல்பத்தை இரண்டு இடம் மேலே நகர்த்தியதாகக் கட்டுரையாளர் எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தந்தது. நல்ல பாடல்தான் அது. விருது கிடைப்பதற்கு முந்தைய நாளும் அதே அளவு நல்ல பாடலாகத்தான் இருந்தது.

ஒரு தகவல் திருத்தமும் உண்டு. 1995-இன் எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ் வெளியீட்டைக் கட்டுரை ஆல்பமாகக் கணக்கிட்டு, மொத்தம் பதினேழு என்று எழுதியுள்ளது. 23 நிமிடத் தலைப்புப் பாடலோடு, பிற குழுக்களின் பாடல்களை லண்டன் மேடையில் வாசித்த பதிவுகளையும் சேர்த்து வந்த இ.பி., அதாவது முழு ஆல்பமாகக் கருதப்படாத வெளியீடு அது. ஸ்டுடியோ ஆல்பங்கள் பதினாறுதான்.

பதினாறாவதான பாராசோம்னியா, போர்ட்னாய் 2023-இல் திரும்பிய பின் 2025 பிப்ரவரியில் வந்தது. உறக்கக் குலைவுகளைச் சுற்றி அமைந்த ஆல்பம். முதல் தடத்தில் வாசலோரம் எட்டிப் பார்க்கும் சில மெட்டுகள், கடைசியில் 19 நிமிடம் ஓடும் பாடலில் வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்துவிடுகின்றன. தங்கள் கட்டுரை இதற்கு ஐந்தாம் இடம் கொடுத்துள்ளது. நான் இதுவரை எந்த இடமும் கொடுக்கவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் கேட்டு வருகிறேன். சென்ற வாரம்தான், இரண்டாவது பாடலில் கடந்துபோகும் ஒரு பேஸ் வரியை முதல்முறையாகக் கவனித்தேன். கட்டுரையாளருக்கு மறுப்பு எழுத மனமிருந்தால், அட்டவணை இல்லாமல், தாம் கடைசியில் வைத்த ஆல்பத்தின் டிரையல் ஆஃப் டியர்ஸைப் பற்றி மட்டும் எழுதுமாறு தாங்கள் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று விரும்புகிறேன். முதல் ஆளாக நான் படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்